நூற்று நாற்பத்து மூன்றாவது பேர்

சேந்தன்துறையில் செத்துப்போனவர்களின் பேர்கள் காணாமல் போனது ஒரு செவ்வாய்க்கிழமை முற்பகல் பதினொன்றேகால் மணிக்கு. அந்நேரம் மீன் ஏலம் முடிந்து கூடைகளைக் கழுவிக் கவிழ்த்திருந்தார்கள், பள்ளிக்கூடத்தில் இரண்டாம் மணி அடித்திருந்தது, பேருந்து நிறுத்தத்துக்கு எதிரே இருந்த தட்டச்சு, ஜெராக்ஸ் கடையில் செலஸ்டின் தன் கணினியின் முன்னால் உட்கார்ந்து, மாற்றங்களைச் சேமிக்கவா என்று அது கேட்ட கேள்விக்கு ஆம் என்று அமுக்கியிருந்தாள்.

எல்லோருடைய பேரும் போகவில்லை. இருபது வருஷத்துக்கு முன்னால், கார்த்திகை மாதத்துப் புயலில், ஒரே காலையில் கடல் ஊருக்குள் ஏறி வந்து கூட்டிக்கொண்டு போன நூற்று நாற்பத்து மூன்று பேருடைய பேர்கள் மட்டும்தான் போயின. அவர்களுடைய முகம் போகவில்லை, சிரிப்பு போகவில்லை, யாருக்கு எந்தக் காலில் தழும்பு, யாருக்கு எந்த மீன் என்றால் உயிர் என்பதெல்லாம் வைத்த இடத்தில் அப்படியே இருந்தன. அதே பேர்களோடு உயிரோடு நடமாடியவர்களுக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஊரில் பதினோரு சூசைகள் இருந்தார்கள், பதினோரு பேரும் கூப்பிட்டால் திரும்பிப் பார்த்தார்கள். செத்தவர்களிலும் ஒரு சூசை இருந்திருக்கத்தான் வேண்டும், அது யார் என்றுதான் யாராலும் சொல்ல முடியவில்லை. வடக்குத் தெரு பிரகாசி, உலையில் அரிசி போடும்போதெல்லாம் தன் மகனின் பேரைச் சொல்லிப் போடுகிறவள், அன்றைக்கு அரிசியைக் கையில் அள்ளியபடி வாயைத் திறந்தாள், வெறும் காற்று வந்தது, இன்னொரு தடவை திறந்தாள், மறுபடியும் காற்றுதான் வந்தது, அரிசி விரல் இடுக்கு வழியாகத் தரையில் கொட்டிக்கொண்டிருந்தது.

எழுதி வைத்திருந்தவையும் போயின. பங்குச்சாமி இறந்தோர் பதிவேட்டைத் திறந்து பார்த்தபோது, இருபது வருஷத்துக்கு முந்தைய சாமியாருடைய சாய்ந்த கையெழுத்தில், அதே நீல மையில், வரிக்கு வரி கேள்விக்குறிகள் இருந்தன. கல்லறைத் தோட்டத்துச் சிலுவைகளில் கேள்விக்குறிகள், புகைப்படங்களின் பின்புறத்தில் கேள்விக்குறிகள், பரணில் கிடந்த பள்ளிக்கூட நோட்டுகளின் அட்டையில் கேள்விக்குறிகள். கோவிலைப் பார்த்துக்கொள்கிற தொம்மை, கல்யாணமான வருஷம் முன்கையில் பச்சை குத்திக்கொண்ட பெண்டாட்டி பேரின் இடத்தில் ஏழு பச்சைக் கேள்விக்குறிகளைப் பார்த்துவிட்டு, முதலில் எண்ணெய் போட்டுத் தேய்த்தார், பிறகு மணலைப் போட்டுத் தேய்த்தார், பிறகு முழுக்கைச் சட்டை ஒன்றை எடுத்து மாட்டிக்கொண்டார்.

இது எப்படி நடக்கும் என்று ஊரில் ஒருவரும் கேட்கவில்லை. ஆட்களையே கடல் கொண்டுபோன ஊரில் பேர் போவது பெரிய விஷயமா. யாரால் போயிற்று என்றுதான் கேட்டார்கள், அதற்கும் நெடுநேரம் கேட்க வேண்டியிருக்கவில்லை, மத்தியானத்துக்குள் செலஸ்டினே கடையைப் பூட்டிவிட்டு வந்து கோவில் படியில் நின்றாள்.

"நான்தான் சாமி. நான்தான் அழிச்சுட்டேன்."

"என்னத்தை அழிச்சே?" என்றார் பங்குச்சாமி.

"எல்லாரையும்."

நடந்தது இதுதான். இருபதாம் வருஷ நினைவு நாளுக்குக் கரையில் ஒரு கல் நிறுத்துவதென்று ஊர்க்கூட்டத்தில் முடிவாகியிருந்தது. கல் வெட்டுகிறவர் தன் இயந்திரத்துக்குப் பட்டியலை யூனிகோடில் கேட்டார், அதாவது எந்த ஊரில் எந்தக் கணினியில் திறந்தாலும் ஒரே மாதிரி தெரிகிற எழுத்தில். பட்டியல் செலஸ்டினிடம் இருந்தது. அதை அந்தக் காலத்தில் அடித்தவன் அவள் புருஷன் கயத்தான். அது கடைக்குக் கடை ஓர் எழுத்துரு இருந்த காலம்; விலைக்குக் கிடைத்தவற்றில் ழ சப்பையாக இருக்கிறது, ஞ கோணலாக இருக்கிறது என்று சொல்லி, கயத்தான் தானே கோடு கோடாக இழுத்து ஒன்றைச் செய்துகொண்டான். கணினிக்கு எழுத்து தெரியாது, எண்தான் தெரியும். இன்ன எண் வந்தால் இன்ன எழுத்தைக் காட்டு என்று யாராவது அதற்குச் சொல்லிக் கொடுக்க வேண்டும். கயத்தான் யாரையும் கேட்காமல் தன் மனம்போன போக்கில் சொல்லிக் கொடுத்தான். புயலுக்குப் பிறகு ஊர் அவனிடம்தான் பட்டியலைக் கொடுத்தது. நூற்று நாற்பத்திரண்டு பேரை மூன்று நாளில் அடித்தான். அப்புறம் எட்டு நாள் கடைப்பக்கமே போகவில்லை. ஒன்பதாம் நாள் போய் உட்கார்ந்து கடைசி வரியில் தன் மகளின் பேரை அடித்தான். அவளுக்கு நான்கு வயது, அலை வந்தபோது வாசலில் சிப்பி வைத்து விளையாடிக்கொண்டிருந்தாள்.

கயத்தான் எட்டு வருஷத்துக்கு முன்னால் நெஞ்சுவலியில் போய்விட்டான். அவன் பேர் அந்தப் பட்டியலில் இல்லாததால் ஊர் வாயில் பத்திரமாக இருந்தது. ஆனால் அவனுடைய கணினி பழைய இரும்போடு போய்விட்டது, எழுத்துரு கணினியோடு போய்விட்டது, கோப்பு மட்டும் தங்கியிருந்தது. அதைப் புதுக் கணினியில் திறந்தபோது கொம்பும் தொப்பியும் வைத்த வேற்றுமொழி எழுத்துகளாகத் தெரிந்தன. செலஸ்டின் எத்தனையோ பேருடைய பழைய கோப்புகளை மாற்றிக் கொடுத்தவள். மாற்றித் தருகிற நிரலில் இருந்த எழுத்துருக்களில் கிட்டத்தட்டப் பொருந்தும் என்று தோன்றியதைத் தேர்ந்தெடுத்தாள், திரை முழுக்கக் கேள்விக்குறிகள் வந்தன, சரியில்லை, வேறொன்றைப் பார்ப்போம் என்றுதான் மூடப் போனாள், சேமிக்கவா என்று கேட்டது, பழகிய விரல் ஆம் என்று அமுக்கிவிட்டது.

இதையெல்லாம் படியில் நின்று அவள் சொல்லிக்கொண்டிருக்கும்போதே பிரகாசி கூட்டத்தை விலக்கிக்கொண்டு கையை ஓங்கியபடி வந்தாள்.

"ஏட்டி, உன் பிள்ளை பேராவது உனக்குத் தெரியுதா?"

செலஸ்டின் வாயைத் திறந்தாள். மூடினாள். இல்லை என்று தலையை ஆட்டினாள்.

பிரகாசியின் கை கீழே இறங்கியது. "அப்ப உள்ள வா," என்றாள். "வெயில்ல நிக்காத."

நாள் போகப் போக ஊர் இதற்கும் பழகிக்கொண்டது. பிரகாசியின் மூத்தவன், பச்சைச் சட்டைக்காரன், இரட்டையரில் இளையவள் என்று அடையாளம் சொல்லிப் பேசினார்கள். பூசையில் பங்குச்சாமி இந்த வீட்டிலிருந்து போன ஒருவருக்காக என்று வேண்டிக்கொண்டார். செத்துப்போன சித்தப்பன் பேரையும் அத்தை பேரையும் வைத்திருந்த பிள்ளைகள், அது யாருடைய பேர் என்று சொல்ல ஆளில்லாமல், அந்தப் பேரைச் சும்மா தூக்கிக்கொண்டு திரிந்தார்கள். கனவில் வந்த செத்தவர்கள் வாசல்வரை வந்து, கூப்பிட்டால்தானே உள்ளே வர முடியும் என்பதுபோல், வெளியிலேயே நின்றுவிட்டுப் போனார்கள். கருவாடு காயப்போடும் பெண்கள் ஒரு பக்கத்திலிருந்து தெரிந்த பேரையெல்லாம் வரிசையாகச் சொல்லிப் பார்த்தார்கள், பத்து நாள் சொன்னார்கள், இருபது நாள் சொன்னார்கள், ஒரு பேரும் ஒருவர்மேலும் ஒட்டவில்லை. குளத்தில் போட்ட எண்ணெய் மாதிரி ஒவ்வொன்றும் மேலேயே மிதந்தது.

சலேத்தம்மாள் ஒருத்திக்கு மட்டும் இதில் நிம்மதி இருந்தது. அவள் புருஷன் உயிரோடு இருந்தவரை அவளை அடிக்காத நாளில்லை. "நாப்பது வருஷத்துல இப்பத்தான் அவன் பேரு என் காதுல விழாம இருக்கு," என்று செலஸ்டினின் கடைக்கு வந்து சொன்னாள். "மத்தவங்களுக்கு எப்படியோ, எனக்கு நீ நல்லதுதான் செஞ்ச." அதைக் கேட்டுச் செலஸ்டினுக்கு அழுகை இன்னும் அதிகமாக வந்தது.

ஐப்பசி பிறந்ததும் ரெமிஜியுஸ் ஊருக்கு வந்தான். சென்னையில் ஒரு மென்பொருள் கம்பெனியில் வேலை, தலை நரைக்கத் தொடங்கிய ஆள், ஒரு காலத்தில் கயத்தானின் கடையே கதியென்று கிடந்தவன். அவனுடைய அப்பாவும் பட்டியலில் இருந்தார். சென்னையில் ஏதோ படிவத்தில் தகப்பன் பேரை நிரப்பப் போய்ப் பேனாவை வைத்துக்கொண்டு அரைமணி நேரம் உட்கார்ந்திருந்தவன், விடுப்புப் போட்டுவிட்டுப் பேருந்து ஏறிவிட்டான். நேரே கடைக்கு வந்து கோப்பைத் திறந்து பார்த்தான்.

"மைனி, இதுல ஒண்ணும் இல்லை."

"கேள்விக்குறி இருக்குல்லா தம்பி?"

"கேள்விக்குறிக்கும் ஒரு எண் உண்டு. அறுபத்து மூணு. அண்ணன் அடிச்சப்போ இங்க நூறு விதமான எண் இருந்துச்சு. இந்த நிரலு, தனக்குப் புரியாத எல்லாத்தையும் தூக்கிட்டு அந்த இடத்துல அறுபத்து மூணுன்னு எழுதிட்டு. இப்ப கனாவும் அறுபத்து மூணு, மனாவும் அறுபத்து மூணு. எது எதுவா இருந்துச்சுன்னு இனி யாராலயும் சொல்ல முடியாது. ஒரு பேருல எத்தனை குறி இருந்துச்சுங்கிறது மட்டும்தான் மிச்சம்."

செலஸ்டின் கடைசி வரியைத் தொட்டுத் தொட்டு எண்ணினாள். ஆறு இருந்தன.

"வேற பிரதி இருக்கா? காகிதம் வேண்டாம், எழுத்தா இருந்ததெல்லாம் போயிட்டு. எண்ணா எங்கயாவது இருக்கா?"

அந்த ஞாயிறு பூசை முடிவில் பங்குச்சாமி இதைப் பீடத்திலிருந்தே கேட்டார். மறுநாள் தொம்மை, பூசைப் பாத்திரங்கள் வைக்கிற அறையின் அலமாரியைக் கவிழ்த்துப் போட்டு, மெழுகுவத்தித் துண்டுகளுக்கு அடியிலிருந்து ஒரு பிளாப்பியை எடுத்துவந்தார். அந்தக் காலத்துச் சாமியார் ஆயருக்குக் காட்டக் கயத்தானிடம் கேட்டு வாங்கி, கொண்டுபோக மறந்த பிரதி அது. அதன்மேல் ஒட்டியிருந்த காகிதத்தில் தேதி மட்டும் இருந்தது. அதைப் படிக்கிற கருவிக்காக ரெமிஜியுஸ் மதுரையில் பழைய சாமான் விற்கிற தெருவில் இரண்டு நாள் அலைந்தான். வட்டு உள்ளே சுற்றும்போது பல்லைக் கடிக்கிற மாதிரி சத்தம் கேட்டது. செலஸ்டின் கண்ணை மூடிக்கொண்டாள்.

"வருது மைனி," என்றான் ரெமிஜியுஸ். "எண்ணு வருது."

எழுத்தாக இருந்தவையெல்லாம் போயிருந்தன. எண்ணாக இருந்தது தப்பித்திருந்தது. ஆனால் எந்த எண்ணுக்கு எந்த எழுத்து என்பது கயத்தானோடு புதைந்திருந்தது. ரெமிஜியுஸ் எண்களை வரிவரியாகப் பெரிய தாள்களில் அச்சடித்துக் கடையின் சுவரில் ஒட்டினான். பட்டியல் தெருவாரியாக, வடக்கிலிருந்து தெற்கே போடப்பட்டது என்பது எல்லோருக்கும் தெரியுமாதலால், யார் வீட்டு வரி எது என்று கண்டுபிடிப்பது கஷ்டமாக இல்லை. ஊர் வந்து சுவரைப் பார்த்தது. தாய்மார்கள் தங்கள் வரியை மனப்பாடம் செய்துகொண்டு போனார்கள். நூற்றெண்பத்து நாலு, இருநூற்றுப் பதினேழு, நூற்றுத் தொண்ணூற்றாறு என்று முணுமுணுத்தபடி தண்ணீர் எடுத்தார்கள், முணுமுணுத்தபடி வலையைப் பிரித்தார்கள். ஒன்றுமில்லாததற்கு இது எவ்வளவோ மேல் என்றார்கள்.

பட்டியலுக்கு மேலே ஒரு தலைப்பு இருந்தது: சேந்தன்துறையில் கடலோடு போனவர்கள். அது யாருடைய பேரும் இல்லையென்பதால் அழியவில்லை, எல்லோருக்கும் நினைவிருந்தது. தலைப்பின் எண்களுக்கு நேரே தலைப்பின் எழுத்துகளை எழுதினார்கள். ச வந்தது, க வந்தது, ட, ல, ப, ன, வ வந்தன, காலும் கொம்பும் சுழியும் வந்தன. கயத்தானின் கணக்கில் கொம்பு எழுத்துக்கு முன்னாலேயே வரும், கண்ணுக்குத் தெரிகிற வரிசையிலேயே எண்களும் போகும், புள்ளி வைத்த எழுத்துக்குத் தனி எண், அதனால் தலைப்பில் ர் கிடைத்தாலும் ர கிடைக்காது என்பதை ரெமிஜியுஸ் விளக்கினான். பிறகு தெரிந்த எழுத்துகளை எல்லா வரிகளிலும் நிரப்பினார்கள். மூன்றாவது வரி பிரகாசியின் வரி. அதில் ச இருந்தது, இரட்டைக் கொம்பு இருந்தது, வ இருந்தது, பிறகு தெரியாத ஓர் எண், அதன் தலையில் ஒரு சுழி.

"சவே... ஏதோ ஒரு இகரம்," என்றான் ரெமிஜியுஸ். "அந்த ஒண்ணு என்னன்னு தெரிஞ்சா போதும்."

பிரகாசி சுவருக்குப் பக்கத்தில் போனாள். விரலை அந்த எண்ணின்மேல் வைத்தாள். "ரி," என்றாள். "சவேரி." சொல்லிவிட்டு அப்படியே கீழே உட்கார்ந்தாள். "ஐயோ, சவேரி. என் மக்கா, சவேரி." வாய் ஓயாமல் சொன்னாள், நெஞ்சில் அடித்துக்கொண்டு சொன்னாள், சிரித்துக்கொண்டு சொன்னாள், தெருவில் போனவர்களெல்லாம் நின்றார்கள், நின்றவர்கள் வாயிலும் அந்தப் பேர் வந்திருந்தது, வடக்குத் தெரு சவேரி, ஒற்றைக் கையால் நீந்துகிறவன்.

கொஞ்சம் ஆறியதும் பிரகாசி செலஸ்டினின் கையைப் பிடித்துக்கொண்டு ஒன்றைச் சொன்னாள். "இதைக் கேளுட்டி. கருவாடு காயப்போடும்போது இந்தப் பேரை நானே சொன்னேன். ரெண்டு மாசத்துக்கு முன்னால. அன்னைக்கு அது வெறும் பேரா இருந்துச்சு. யாரு பேரோ மாதிரி போயிட்டு. இன்னைக்கு அந்த எண்ணுல உக்காந்த பிறகுதான் அவன் வந்தான்."

ர கிடைத்ததும் இன்னும் பதினாறு வரிகள் திறந்தன. அப்படித்தான் நடந்தது, ஒரு வீட்டின் எழுத்து இன்னொரு வீட்டுக்குக் கதவைத் திறந்தது. தெற்குத் தெருவின் ஞ நடுத்தெருவின் இஞ்ஞாசியைக் கொண்டுவந்தது, அவனுடைய இ வேறு நான்கு பேரைக் கொண்டுவந்தது. ரெமிஜியுஸ் தன் அப்பாவின் பேரை ஒரு சனிக்கிழமை வாசித்தான். பிச்சைமுத்து என்று ஒரு தடவை மெதுவாகச் சொன்னான், எழுந்து போய்க் கடற்கரையில் நடந்துவிட்டு வந்தான், அடுத்த வரிக்குப் போனான். தொம்மை ஒருநாள் வேலைக்கு நடுவில் சட்டைக்கையைச் சுருட்டிக்கொண்டு ஓடிவந்தார், மரியப்பூ என்று பச்சையாக, கொஞ்சம் கலங்கலாக, முன்பு இருந்த இடத்திலேயே இருந்தது. சலேத்தம்மாள் தன் புருஷன் வரியை மட்டும் நிரப்பக் கூடாது என்று சொல்லியிருந்தாள், அவர்களும் அதைத் தொடாமல் விட்டிருந்தார்கள். ஆனால் நினைவு நாளுக்குப் பத்து நாள் இருக்கையில் அவளே வந்தாள். "வாசிச்சிரு," என்றாள். "என் பிள்ளைங்களுக்கு அப்பன் வேணும்ல." செலஸ்டின் வாசித்தாள். சலேத்தம்மாள் கேட்டாள், தலையை ஒரு தடவை ஆட்டினாள், முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு போனாள்.

அது நூற்று நாற்பத்திரண்டாவது பேர்.

செலஸ்டின் சுவரில் கடைசித் தாளின் கடைசி வரியைப் பார்த்தபடி நின்றாள். அதில் ஒரே ஓர் எண்தான் இருந்தது. இருநூற்று இருபத்தொன்பது. ம. அதற்குப் பிறகு வெள்ளைத்தாள்.

"மிச்சத்தை எப்ப ஒட்டுவீங்க தம்பி?"

ரெமிஜியுஸ் உட்கார்ந்திருந்த இடத்தைவிட்டு எழவில்லை. "மைனி, பிளாப்பியில எண்ணை ஐநூத்துப் பன்னிரண்டு ஐநூத்துப் பன்னிரண்டாத்தான் கட்டிக்கட்டி வைக்கும். மூணு கட்டு நல்லா இருந்துச்சு. மூணாவது கட்டு, பாப்பா பேரோட முதல் எழுத்துல முடிஞ்சிட்டு. மிச்ச அஞ்சு எழுத்தும் நாலாவது கட்டு. அந்த இடத்துல பூசணம். அறுபது தடவைக்கு மேல ஓட்டிப் பாத்துட்டேன். சென்னைக்குக் கொண்டுபோய் இதுக்குன்னு இருக்கிறவங்க கிட்டயும் காட்டினேன். அங்க ஒண்ணுமே இல்லை."

"எப்பத் தெரியும்?"

"முதல் நாளே தெரியும்."

"சொல்லியிருந்தா, மத்தவங்க பேரை எடுக்க நான் கூட உக்காந்திருக்க மாட்டேன்னு நெனச்சீங்களா?"

அவன் பிளாப்பியைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"உக்காந்திருப்பேன் தம்பி," என்றாள் செலஸ்டின்.

அவள் அன்றைக்கு வீட்டுக்குப் போய்ச் சமைத்தாள், சாப்பிட்டாள், பாத்திரம் கழுவினாள். கழுவிக்கொண்டிருக்கும்போது மரியாள் என்று சொல்லிப் பார்த்தாள். ஒன்றும் இல்லை. மார்த்தா என்றாள். ஒன்றும் இல்லை. எண் இருந்தால்தானே எழுத்து உட்கார இடம்.

செய்தி தெரிந்ததும் ஊர் வந்தது. ஆளுக்கொரு பேர் கொண்டுவந்தார்கள், மேரி என்றார்கள், மெர்சி என்றார்கள், மோனிக்கா என்றார்கள். அவையெல்லாம் கொம்பில் தொடங்குகிறவை, கயத்தானின் வரிசையில் ம முதலில் வந்திருக்காது என்று ரெமிஜியுஸ் தள்ள வேண்டியிருந்தது. ஆறு குறிகளுக்குக் கூடினவற்றையும் குறைந்தவற்றையும் தள்ளினான். பங்குச்சாமி தனியாக வந்து, தயங்கித் தயங்கி ஒரு யோசனை சொன்னார்.

"கல்லுல கடைசி வரி வெறுமையா இருக்க வேண்டாம் அம்மா. நாம எல்லாரும் சேர்ந்து பிள்ளைக்கு ஒரு பேரு வைப்போம். ஊரே ஞானத்தாய், ஞானத்தகப்பனா நிக்கட்டும்."

"அவளுக்குப் பேரு இருக்கு சாமி," என்றாள் செலஸ்டின். "எனக்குத் தெரியலை, அவ்வளவுதான்."

பிறகு அவள் ஒரு நோட்டு வாங்கினாள். ம என்று தொடங்கி ஆறே குறிகளில் முடிகிற பெண் பேர்களை அதில் எழுத ஆரம்பித்தாள். தன் ஊர் ஞானஸ்நானப் பதிவேட்டைப் பார்த்தாள், பக்கத்து ஆறு ஊர்களின் பதிவேடுகளைப் போய்ப் பார்த்தாள், பள்ளிக்கூட வருகைப் பதிவுகளைப் பார்த்தாள், வாக்காளர் பட்டியலைப் பார்த்தாள், கோவிலுக்கு வெளியே நின்று வருகிறவர் போகிறவரிடம் கேட்டாள், இந்துக்களின் பேர்களையும் விடவில்லை, கயத்தானுக்கு எது பிடித்திருக்கும் என்று சொல்ல முடியாது. முப்பத்தொன்பது பேர்கள் சேர்ந்தன. நாற்பதாவதற்காக நான்கு நாள் அலைந்தாள், கிடைக்கவில்லை. ஒவ்வொன்றையும் வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தாள். ஒவ்வொன்றும் யாரோ ஒரு பிள்ளையின் பேராக அறையைக் கடந்துபோயிற்று.

நினைவு நாள் காலையில் கடல் தட்டையாகக் கிடந்தது. கல்லைத் துணி போட்டு மூடியிருந்தார்கள். துணியை எடுத்தபோது நூற்று நாற்பத்திரண்டு வரிகளுக்குக் கீழே, கடைசி வரியில், ம என்ற ஒரே எழுத்து தனியாக இருந்தது. கல் வெட்டுகிறவர் அதற்குப் பக்கத்தில் ஐந்து எழுத்துக்கான இடத்தை மெருகேற்றி வழவழப்பாக விட்டிருந்தார். பங்குச்சாமி ஒவ்வொரு பேராக வாசித்தார். சேந்தன்துறையில் ஒரு பேரை வாசித்தால் அந்த வீட்டிலிருந்து யாராவது பதில் கொடுப்பது வழக்கம். சவேரி என்றார், என் மகன் என்றாள் பிரகாசி. பிச்சைமுத்து என்றார், என் அப்பா என்றான் ரெமிஜியுஸ். மரியப்பூ என்றார், என் வீட்டுக்காரி என்றார் தொம்மை. தகப்பனும் தாயும் சேர்ந்தே போன வீடுகளுக்குப் பக்கத்து வீட்டுக்காரர்கள் பதில் கொடுத்தார்கள். வாசித்து முடித்து, கடைசி வரிக்கு வந்ததும், பங்குச்சாமி ஒலிவாங்கியைச் செலஸ்டினிடம் கொடுத்துவிட்டு விலகி நின்றார்.

அவள் நோட்டைப் பிரித்தாள்.

"மரியாள்," என்றாள். தானே பதிலும் சொன்னாள். "என் மகள்."

"மார்த்தா. என் மகள்."

"மதலீனா. என் மகள்."

நான்காவதாக மல்லிகா என்று சொல்லிவிட்டு நிறுத்தினாள், பதில் வாயில் வரவில்லை. அப்போது பிரகாசி, இருந்த இடத்திலிருந்தே, உரத்த குரலில், "எங்க மகள்," என்றாள்.

மாலினி. எங்க மகள், என்று பத்துப் பதினைந்து பேர் சேர்ந்து சொன்னார்கள். மார்சலி. எங்க மகள். மரிலின். எங்க மகள். சலேத்தம்மாள் சொன்னாள், கல் வெட்டுகிறவர் சொன்னார், ஏழாவது எட்டாவது பேருக்குள் கரை முழுக்கச் சொல்லிற்று. வெயில் ஏறியது, படகுகளுக்குப் போக வேண்டியவர்கள் போகவில்லை, கைக்குழந்தைகளைத் தோள் மாற்றிக்கொண்டார்கள். மகரிதா. மாசிலா. மந்தாரை. அவள் ஒவ்வொரு பேருக்கும் ஒரே அளவு நேரம் கொடுத்தாள், ஒன்றையும் விழுங்கவில்லை, ஒன்றையும் இழுக்கவில்லை, எது மகளுடையது என்று தெரியாதபோது எதை அவசரமாகச் சொல்ல முடியும்.

முப்பத்தொன்பதாவது பேரைச் சொல்லி, அதற்கும் ஊர் பதில் கொடுத்த பிறகு, செலஸ்டின் நோட்டை மூடினாள். பிரகாசி வந்து அவள் தோளைப் பிடித்தாள்.

"ஏதாவது வந்துச்சாட்டி?"

"இல்லைக்கா," என்றாள் செலஸ்டின். "ஆனா, இன்னைக்கு ஒரு தடவை அவளைக் கூப்பிட்டிருக்கேன்."